ஒரே வீட்டிலிருந்து இரண்டு வேண்டுதல்

அந்த வீட்டில் மனிதர்களைவிடப் புனிதர்கள் அதிகம். குடியிருந்தது புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். கூடத்துச் சுவரில் தட்டுத் தட்டாக நின்றவர்களோ ஒரு கல்யாணக் கூட்டம். எல்லாரும் விருந்தாளியாக வந்து, திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர்கள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் வீட்டில் ஒரு பிள்ளைச் சத்தம் கேட்கவில்லை என்றதும், சொந்தபந்தம் ஒவ்வொன்றும் தனக்குக் கைகொடுத்த புனிதரின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனது. சித்தி ரீத்தம்மாளைக் கொடுத்தாள். மாமா யூதா ததேயுவைக் கொடுத்தார். பெரியப்பா அந்தோணியாரோடு வந்து நின்றார்.

"அவரு தொலைஞ்சதைத்தானே தேடிக் குடுப்பாரு பெரியப்பா? எங்களுக்கு எதுவும் தொலையலையே" என்றான் வீட்டுக்காரன்.

"இருக்கட்டுமேடா, உனக்கென்ன, அவருக்குச் சோறா போடப் போற?" என்றார் பெரியப்பா.

வீட்டுக்காரன் லிப்ட் மெக்கானிக். புதுப் புனிதர் வரும்போதெல்லாம் டிரில்லை எடுத்துச் சுவரில் துளை போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு தட்டு மாட்டிக் கொடுப்பான். அவனுடைய பக்தி அந்த மட்டில் முடிந்தது என்றுதான் குடும்பம் நினைத்தது. குடும்பச் செபத்தில் செபமாலையின் ஐந்து மறையுண்மைகளில் இரண்டாவது தாண்டுவதற்குள் அவன் தலை தொங்கிவிடும். பேச்சும் குறைவு. கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

இத்தனை கூட்டத்திலும் அவன் மனைவிக்கு ஒருவர்தான். தாய்மாருக்குத் துணை என்று சொல்லப்படும் ஜெரார்தார். யாரும் கொடுக்கவில்லை, அவளே தேடிப் பிடித்தவர். அவள் ஒரு கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். அங்கே லென்ஸ் துடைக்கக் கொடுக்கும் மெல்லிய துணியில் ஒன்றை ஜெரார்தாருக்கென்றே ஒதுக்கி, தினம் காலையில் அவர் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள். துடைக்கும்போதே பேச்சு நடக்கும். கடையில் மேனேஜர் கத்தியது, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நம்ம விஷயத்தை மறந்துறாதீங்க" என்பாள். கணவன் அடுப்படியில் நின்று காப்பியை ஆற்றுகிற சாக்கில் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். கேட்கக் கேட்க அவனுக்கு நெஞ்சு கனக்கும்.

ஏனென்றால் அவனுக்கும் ஒருவர் இருந்தார். அது யாருக்கும் தெரியாது.

ஒரு புதன்கிழமை மதியம், கோவிலை ஒட்டிய ஒரு கட்டடத்தில் லிப்ட் சர்வீஸ் முடித்து வெளியே வந்தவனை மழை பிடித்துக்கொண்டது. கருவிப் பையோடு ஓடிக் கோவிலுக்குள் ஒதுங்கினான். பக்கப் பீடத்தில் சூசையப்பர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தச்சு இழைப்புளி, மறு கை பிள்ளையின் கையைப் பிடித்திருந்தது. இவரும் நம்மைப் போல வேலைக்குப் போய் வருகிற ஆள் என்று தோன்றியது. வேதாகமம் முழுக்கத் தேடினாலும் இவர் பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது என்று சிறுவயதில் உபதேசியார் சொன்னது நினைவுக்கு வந்தது. அதுவும் அவனுக்குப் பிடித்தது. மழை விடும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. இவர் அந்தப் பிள்ளையைப் பெற்றவர் இல்லை. ஆனால் கையைப் பிடித்திருக்கிற பிடியைப் பார்த்தால் யாராவது அப்படிச் சொல்வார்களா?

அதிலிருந்து புதன்கிழமை மதியச் சாப்பாடு அவனுக்குக் கோவில் வாசலில்தான். சாப்பிட்டுக் கைகழுவி உள்ளே போய், "உமக்குக் கிடைச்ச மாதிரி எங்களுக்கும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு வருவான். அவ்வளவுதான் செபம்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. முன்பொரு தடவை டாக்டர் தத்தெடுப்பதைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவள் வீட்டுக்கு வந்து, "அப்ப ஜெரார்தார் முடியாதுன்னு சொல்லிட்டாருன்னு அர்த்தமா?" என்று கேட்டாள். கேட்ட குரல் அவன் காதில் அப்படியே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் அந்த வார்த்தையின் பக்கமே போகவில்லை.

அவளுடைய அக்காவைக் குடும்பத்தில் எல்லாரும் நவநாள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உலகத்தில் எந்தச் சங்கடம் வந்தாலும் அதற்கென்று ஒரு புனிதரை எடுத்து நீட்டுவாள். தொண்டைக்கு பிளேசியார், கண்ணுக்கு லூசியம்மாள், பரீட்சைக்கு ஒருவர், பக்கத்து வீட்டுச் சண்டைக்கு ஒருவர். லிப்ட் வேலை பார்க்கும் தங்கை புருஷனுக்கும் யோசித்து ஒருவரைக் கண்டுபிடித்திருந்தாள். செபத்தில் மூழ்கினால் தரையை விட்டு அந்தரத்தில் எழும்பிவிடுவாராம் ஒரு துறவி.

"உங்க தொழிலுக்குப் பொருத்தமானவரு தம்பி. தானாவே மேல போவாரு."

"அவரை மாதிரி எல்லாரும் போனா என் வேலை என்ன ஆகுறதுக்கா?" என்றான் அவன். அந்த வருஷம் அவன் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த அக்காதான் தங்கைக்காக ஜெரார்தாருக்கு ஒன்பது நாள் செபம் ஏற்பாடு செய்தாள். கடைசி நாள் சாயங்காலம் அவளுடைய ஆறாவது மாடி வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். தங்கையும் புருஷனும் சுரூபத்தோடு வரவேண்டியதுதான் பாக்கி. மனைவி ஜெரார்தாரைப் பூத்துவாலையில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டாள். கணவன் கேக் டப்பாவைத் தூக்கிக்கொண்டான். அக்கா வீட்டுக் கட்டடத்துக்கு வந்து லிப்டில் ஏறினார்கள். நாலாவது மாடியைத் தாண்டியதும் லிப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

அவன் பட்டனை அழுத்திப் பார்த்தான். அசையவில்லை. மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இது நீங்க சர்வீஸ் பண்ற லிப்ட்தானே?"

"ம்."

"எப்பப் பண்ணீங்க?"

"நேத்து."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பயமும் இருந்தது, ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. அவன் காது சிவக்க, கூட வேலை பார்க்கும் குட்டிக்குப் போன் போட்டான். குட்டி என்பது பட்டப்பெயர், ஆள் ஆறடி. ஊரின் மறுகோடியில் இருந்தான். நண்பன் தன் லிப்டிலேயே மாட்டிக்கொண்டான் என்று கேட்டதும் போனில் அப்படிச் சிரித்தான். சிரித்து முடித்த பிறகுதான் கிளம்பினான்.

அதற்குள் மேலே விஷயம் தெரிந்துவிட்டது. தடதடவென்று படியிறங்கி வரும் சத்தம். ஐந்தாம் மாடிக் கதவுக்கு வெளியே நவநாள் அக்காவின் குரல்.

"பயப்படாதீங்கடி! நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். செபத்தை இங்கயே ஆரம்பிச்சுடறோம்!"

சொன்னபடி ஆரம்பித்தும்விட்டார்கள். புனிதர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கதவிடுக்கு வழியாக இறங்கி வந்தன. உள்ளே மனைவி தரையில் உட்கார்ந்து, ஜெரார்தாரை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, பதிலில் ஒரு குரல்தான் இருக்கிறது என்று கவனித்தாள்.

"நீங்க ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"நான் வேற ஒருத்தர்கிட்ட சொல்லிட்டிருக்கேன்."

"யாருகிட்ட?"

"சூசையப்பர்கிட்ட."

"நீங்களா? எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா. புதன்கிழமை மதியம்."

அவள் திரும்பி உட்கார்ந்தாள். "புதன்கிழமை மட்டும் டிபன் பாக்ஸைக் கழுவி எடுத்துட்டு வர்றீங்களேன்னு பாத்தேன். என்ன கேக்குறீங்க அவருகிட்ட?"

ஓடுகிற லிப்டாக இருந்தால் அடுத்த மாடியில் இறங்கியிருப்பான். இங்கே இறங்க இடமில்லை. கேக் டப்பாவின் நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அவரு பெத்துக்கல. வந்த புள்ளைய வளத்தாரு. அந்த மாதிரி நமக்கும் ஒரு புள்ள வரணும்னு."

வெளியே "புனித செசிலியம்மாளே" என்றார்கள். அவள் பதில் சொல்லவில்லை.

"அப்ப" என்றாள் கடைசியில், "நான் தினம் காலையில ஒண்ணு கேட்டுட்டிருக்கேன். நீங்க புதன்கிழமை போய் வேற ஒண்ணு கேட்டுட்டிருக்கீங்க. ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு மனு. மேல இருக்கவங்க எதைத்தான் எடுப்பாங்க? தலையப் பிச்சுக்கிட்டிருப்பாங்க!"

"உன்கிட்ட சொல்லணும்னுதான்..."

"எங்கிட்ட சொல்லல. அவருகிட்ட சொன்னீங்க. எனக்கு அவரைவிடக் காது நல்லாத்தான் கேக்கும்."

சொல்லிவிட்டு அழுதாள். கோபமா, வருத்தமா, அவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பூத்துவாலையின் ஒரு முனையை எடுத்து நீட்டினான். அவள் அதில் மூக்கைச் சிந்தினாள். பிறகு, "ஜெரார்தார் மேல பட்டுடுச்சு" என்று பதறி அவரைத் துடைத்தாள். துடைக்கும்போது பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக இருந்தது.

குட்டி வந்து, மேலே மோட்டார் அறையில் பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் சுற்ற, லிப்ட் மெதுவாக ஏறி ஐந்தாம் மாடிக்கு நேராக நின்றது. கதவு திறந்தது. வெளியே மொத்தச் சொந்தமும் செபமாலையோடு நின்றது. நவநாள் அக்காவின் கண்கள் சிவந்திருந்தன.

"நான் எதையும் கேக்கல தம்பி" என்றாள், கேட்காமலே.

"அந்த இடுக்குல அவ்வளவு தெளிவாக் கேக்கும்னு யாருக்குத் தெரியும்" என்றார் பெரியப்பா. அக்கா அவரை முழங்கையால் இடித்தாள்.

அன்று கேக்கை வெட்டித் தின்றார்கள். வழக்கத்தைவிட எல்லாரும் மென்மையாகப் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த சில நாள் வீட்டில் பேச்சில்லை. அவன் பேசாதது புதிதில்லை. அவள் பேசாததுதான் வீட்டை வேறு வீடாக மாற்றியது. காலையில் ஜெரார்தாரைத் துடைத்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவன் அடுப்படியில் ஆறிப்போன காப்பியை மறுபடி மறுபடி ஆற்றிக்கொண்டு நின்றான். ஏன் சொன்னோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். செவ்வாய்க்கிழமை காலை, கையில் துணியோடு அவள் திடீரென்று சொன்னாள்.

"என்னங்க, நான் இவருகிட்ட என்ன வார்த்தை சொல்லிக் கேட்டேன்னு யோசிச்சுப் பாத்தேன். 'எங்க வீட்டுக்கு ஒரு புள்ளைய அனுப்பும்'னுதான் கேட்டிருக்கேன். எந்த வழியாங்கிறதை நான் சொல்லவே இல்ல. வயித்து வழியான்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"தாய்மாருக்குத் துணைன்னுதான் இவருக்குப் பேரு. சுமந்து பெத்தவங்களுக்கு மட்டும்னு எங்கயும் போர்டு போடல" என்றாள். "நாளைக்கு நானும் கோவிலுக்கு வர்றேன். உங்க ஆளைப் பாக்கணும்."

மறுநாள் மதியம் இருவரும் கோவில் வாசலில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். அவள் சூசையப்பரை ஏற இறங்கப் பார்த்தாள். வரன் பார்க்க வந்தவள் மாதிரி.

"இவரு வாயத் தெறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன்" என்றாள் சத்தமாகவே. "எங்களுக்கு ஒரு புள்ள வேணும். ஆணோ பொண்ணோ, அழுமூஞ்சியோ சிரிச்ச மூஞ்சியோ. யாருக்கும் வேண்டாம்னு நிக்கிற புள்ளையா இருந்தாக்கூடப் பரவாயில்ல. வேணும்னு நாங்க இருக்கோம். ஆனா சீக்கிரம். ரெண்டு வருஷம் இந்த மனுசன் மென்னு முழுங்கினதுல எவ்வளவோ நேரம் வீணாப் போச்சு."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள். லிப்ட் மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மனசு மட்டும் எந்தக் கயிறும் இல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

சீக்கிரம் ஒன்றும் நடக்கவில்லை. அலுவலகங்களுக்கு அலைந்தார்கள், கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள், காத்திருந்தார்கள். வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி அம்மாள் கூடத்துக்குள் காலை வைத்ததும் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"வீட்டுல ரெண்டு பேருதான்னு சொன்னீங்க?"

"நிரந்தரமா இருக்கறது ரெண்டு பேரு மேடம்" என்றான் அவன். "மத்தவங்க வேலையா வந்தவங்க."

அதிகாரி சிரித்துவிட்டாள். அவன் மனைவி அவனை ஆச்சரியத்தோடு பார்த்தாள்.

ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்கள். பெண் பிள்ளை, ஐந்து வயது. சின்னக் குழந்தையாகத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், இவளுக்கு வயதாகிவிட்டது என்று பலர் தள்ளிவிட்டார்கள் என்றார்கள். "அஞ்சு வயசு ஒரு வயசா?" என்றாள் அவன் மனைவி. பார்க்கப் போனார்கள். பிள்ளைகளைப் பராமரிக்கும் சிஸ்டர், அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுருட்டை முடி. ஒரு காலில் மட்டும் சாக்ஸ். வந்ததும் லிப்ட் மெக்கானிக்கிடம் நேரே போய் நின்றாள்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"லிப்ட் ரிப்பேர்."

"லிப்டு மேல போனதும் எங்க போகும்?"

"மறுபடி கீழ வரும்."

"அப்ப எதுக்கு மேல போகுது?"

அவன் வாழ்க்கையில் யாரும் கேட்காத கேள்வி. யோசித்து, "மேல ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க" என்றான். அவள் அந்தப் பதிலை ஒத்துக்கொண்டாள். அடுத்த கேள்வி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கிளம்பும்போது அவன் தொண்டை கட்டியிருந்தது. வரும் வழியில் மனைவி, "இன்னைக்கு ஒரு நாள்ல அஞ்சு வருஷத்துப் பேச்சைப் பேசிட்டீங்க" என்றாள். இருவரும் தெரு என்று பார்க்காமல் கைகோத்து நடந்தார்கள்.

வாண்டு வீட்டுக்கு வந்த அன்று நவநாள் அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். பிள்ளை உள்ளே வந்து சுவரை அண்ணாந்து பார்த்தது. இவங்க யாரு, அவங்க யாரு என்று கேட்டுக்கொண்டே போனது. அக்காவுக்குக் கொண்டாட்டம், ஒவ்வொருவர் கதையையும் எடுத்துவிட்டாள். முடிவில், "உனக்கு இதுல யாரு வேணும் கண்ணு? உனக்கே உனக்குன்னு ஒருத்தரை எடுத்துக்கோ" என்றாள்.

வாண்டு ஒவ்வொருவரையும் பார்த்தது. "எனக்கு இவங்க வேணும்" என்று அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. "இவங்கதான் கதை சொல்றாங்க."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் புனிதை இல்லடி செல்லம், எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு" என்று அழுதாள், சிரித்தாள். அதற்குப் பிறகு வாரம் முழுக்க அந்த வீட்டைவிட்டு நகரவில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாண்டு ரொட்டியைக் கடித்தது, மெல்வதைச் சட்டென்று நிறுத்தியது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடிக் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. லிப்ட் மெக்கானிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு, லிப்டுக்கு அடியில் போகிற மாதிரி மல்லாந்து படுத்து நகர்ந்து கட்டிலுக்கடியில் போனான். மனைவி மறுபக்கத்திலிருந்து போனாள். நடுவில் வாண்டு, மூடிய கைக்குள் எதையோ வைத்துக்கொண்டு விசும்பியது.

"என்னம்மா ஆச்சு? காட்டு."

கை விரிந்தது. அரிசி மாதிரி ஒரு பல்.

"கீழ விழுந்துடுச்சு" என்றது வாண்டு. "நான் ஒண்ணும் பண்ணல. தானா விழுந்துடுச்சு." பிறகு, மிகவும் மெதுவாக, "உடைஞ்சு போயிட்டேன்னு என்னைத் திருப்பிக் குடுத்துருவீங்களா?"

அவன் மனைவிதான் முந்திக்கொண்டாள். தவழ்ந்து வந்து பிள்ளையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள். தலை கட்டில் சட்டத்தில் இடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"அடி அசடே, நீ வளர்ற! அதனாலதான் விழுது. எனக்கும் விழுந்துச்சு, இதோ இந்த மனுசனுக்கும் விழுந்துச்சு. அந்த எடத்துல இதைவிடப் பெருசா புதுப் பல்லு வரும்."

"எப்ப வரும்?"

"கொஞ்ச நாள் ஆகும்."

"வர்றப்ப நான் எங்க இருப்பேன்?"

"இங்கதான்" என்றான் அவன். மறுபடி சொன்னான். "இங்கதான் இருப்ப. நம்ம வீட்டுல."

வாண்டு யோசித்தது. நாக்கால் மற்ற பற்களைத் தடவிப் பார்த்தது.

"இந்தப் பல்லு விழுந்தா?"

"அதுவும் இங்கதான் விழும்."

"இது?"

"அதுவும்."

"எல்லாமேவா? எத்தனை இருக்குன்னு எண்ணுங்க" என்று வாயை ஆவென்று திறந்தது. அவன் டார்ச்சை அடித்தான். மூன்று பேரும் கட்டிலுக்கடியில் தலை முட்டப் படுத்துக்கொண்டு, மனைவி விரலால் தொட்டுக் காட்ட, அவன் ஒவ்வொன்றாகச் சத்தம்போட்டு எண்ணினான். நடுவில் வாண்டுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் சிரிப்பு வந்துவிட்டது. கணக்குத் தப்பியது. முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.